மதிகேடனுக்காகப் பேச ஒருவர் வேண்டும்: கிறிஸ்தவக் கல்லூரி ஆட்சிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்தவக் கல்லூரிகளின் ஆட்சிக் குழு உறுப்பினர்களுக்கும், தாளாளர்களுக்கும், முதல்வர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கல்லூரிகளில் ஒன்றில் சமயமும் தத்துவமும் படித்தவன் நான். அந்தத் துறையை மூடலாமா என்ற கோப்பு இப்போது உங்கள் மேசைமேல் இருக்கிறது; அதனால்தான் எழுதுகிறேன். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இது அந்த ஒரு கல்லூரியின் குடும்ப விவகாரமாகிவிடும். மற்றவர்கள் நிம்மதியாக அடுத்த கோப்பைப் புரட்டப் போய்விடுவீர்கள்.

இரண்டாம் ஆண்டுத் தேர்வில் ஒரு வினா வந்தது. "தீமை இருப்பதால் கடவுள் இல்லை என்னும் வாதத்தை மறுத்துரைக்க." பதினைந்து மதிப்பெண். நான் அந்த வாதத்தை விளக்கினேன். அதற்குக் கிறிஸ்தவ மரபில் சொல்லப்பட்டிருக்கும் விடைகளையும் எழுதினேன்: மனிதனுக்குத் தரப்பட்ட சுயசித்தம், துன்பத்தால் பக்குவப்படும் ஆன்மா, நம் கண்ணுக்கு எட்டாத பெரிய திட்டம். பிறகு, நோயில் துடிக்கும் ஒரு கைக்குழந்தையின் முன்னால் இவற்றில் எதுவும் போதவில்லை என்று கடைசிப் பத்தியில் எழுதி முடித்தேன். அதாவது, மறுத்துரைக்கவில்லை.

ஆசிரியர் பதினொன்று போட்டிருந்தார். ஓரத்தில் சிவப்பு மையில், "கேட்டது இதுவல்ல, ஆனால் நேர்மையாக எழுதியிருக்கிறாய்" என்று ஒரு வரி. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். எப்படியோ அந்த விடைத்தாளைப் பற்றிய செய்தி நிர்வாகத்தில் ஒருவர் காதுக்குப் போய்விட்டது. என்னை அழைத்தார், உட்காரச் சொன்னார், மிகவும் கனிவாகக் கேட்டார்: "வீட்டில் ஏதாவது பிரச்சினையா, தம்பி?" வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. என் தலைமேல் கை வைத்து ஜெபித்து அனுப்பினார். நல்ல மனிதர். இன்றும் அவரை நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனால் ஒரு வாதத்தை எடுத்துக்கொண்டு போனவனுக்கு ஆறுதலைக் கொடுத்து அனுப்பிய அந்தப் பிற்பகல் என்னை விட்டுப் போகவே இல்லை. இந்த மடலே அதைப் பற்றியதுதான்.

இந்தப் படிப்பை எடுக்கப்போகிறேன் என்று சொன்னபோது எனக்குக் கிடைத்த முதல் பரிசு ஒரு வசனம். "லௌகிக ஞானத்தினாலும், மாயமான தந்திரத்தினாலும், ஒருவனும் உங்களைக் கொள்ளைகொண்டுபோகாதபடிக்கு எச்சரிக்கையாயிருங்கள்." கொலோசெயர் 2:8. ஒரே வாரத்தில் நான்கு பேர் இதைச் சொன்னார்கள். அந்த ‘லௌகிக ஞானம்’ கிரேக்க மூலத்தில் ‘பிலொசொபியா’, அதாவது தத்துவம். புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தச் சொல் வருவது இந்த ஓர் இடத்தில்தான். ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில், அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் எப்பிக்கூரர், ஸ்தோயிக்கர் என்னும் இரு தத்துவப் பள்ளியினர் பவுலோடு வாதாட வருகிறார்களே, அங்கே அதே வேரிலிருந்து வரும் சொல்லை நம் தமிழ் வேதாகமம் ‘ஞானிகள்’ என்கிறது. ஆளைச் சொன்னால் ஞானி, அவர் வைத்திருக்கும் சரக்கைச் சொன்னால் லௌகிகம்! அந்த ஞானிகள் பவுலை ‘வாயாடி’ என்று ஏளனம் செய்கிறார்கள். அவரோ மார்ஸ் மேடையில் நின்று மோசேயையும் தீர்க்கதரிசிகளையும் மேற்கோள் காட்டாமல், அந்த ஊர்ப் புலவர்களின் வரியையே எடுத்துப் பேசுகிறார். எதிராளியின் கவிதை அவருக்கு மனப்பாடமாக இருந்தது. கொலோசெயரை எனக்கு ஓதிய நான்கு பேரில் ஒருவரும் இந்த அதிகாரத்தைத் தொடவில்லை.

உங்கள் குழுக்களில் பலர் நினைப்பது எனக்குத் தெரியும். எதிர்வாதத்தை அதன் முழு வலுவோடு வகுப்பில் வைப்பது நவீனக் காலத்தில் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம், மதச்சார்பற்ற பல்கலைக்கழகங்களைப் பார்த்துப் போட்டுக்கொண்ட சூடு என்று நினைக்கிறீர்கள். உண்மை நேர்மாறானது. அது உங்கள் வீட்டுச் சொத்து. நீங்கள்தான் அதை அடகு வைத்திருக்கிறீர்கள்.

பதினோராம் நூற்றாண்டுத் துறவி அன்செல்மை எடுத்துக்கொள்ளுங்கள். 1077–78 வாக்கில், பெக் மடத்தில் இருந்தபோது, கடவுள் இருக்கிறார் என்பதை ஒரே ஒரு வாதத்தால் நிறுவ முயன்று ஒரு சிறு நூல் எழுதினார். இதைவிடப் பெரியதை நினைக்கவே முடியாது என்னும்படியான ஒன்று கடவுள். அது மனத்தில் மட்டும் இருந்தால், மெய்யாகவும் இருக்கிற ஒன்றை அதைவிடப் பெரியதாக நினைத்துவிடலாமே. ஆகவே அது மெய்யாகவும் இருந்தாக வேண்டும். இதுதான் வாதம். சங்கீதம் 14 சொல்லும் மதிகேடன், ‘தேவன் இல்லை’ என்று தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறானே, அவனும் இதைக் கேட்டால் மறுக்க முடியாது என்பது அன்செல்மின் நம்பிக்கை.

மறுத்தவர் ஒரு நாத்திகர் அல்லர், இன்னொரு துறவி. மார்முத்தியே மடத்தைச் சேர்ந்த கவுனிலோ. தன் மறுப்புக்கு அவர் வைத்த தலைப்பே ‘மதிகேடனின் சார்பில்’ என்பதுதான். இதே வழியில் போனால், எல்லாத் தீவுகளையும் விடச் சிறந்த ஒரு தீவை நான் மனத்தில் நினைத்தால் அது கடலில் எங்கோ இருந்தாக வேண்டுமே என்று கேட்டார். அன்செல்ம் என்ன செய்தார்? பதில் எழுதினார். அதைவிட முக்கியமாக இன்னொன்றும் செய்தார். இனி தன் நூலைப் படியெடுப்பவர்கள் கவுனிலோவின் மறுப்பையும் தன் பதிலையும் சேர்த்தே படியெடுக்க வேண்டும் என்றார். அவருடைய வரலாற்றை எழுதிய சீடர் ஈட்மர் இதைக் குறித்து வைத்திருக்கிறார். அச்சு இல்லாத காலம். ஒவ்வோர் ஏடும் கையால் எழுதப்பட வேண்டும். ஆட்டுத்தோலும் உழைப்பும் விலை மிகுந்தவை. தன்னை மறுப்பவருக்கு அந்தச் செலவில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார் ஒரு மடாதிபதி. பின்னாளில் அவர் காண்டர்பரியின் பேராயர், அதற்கும் பின்னால் புனிதர்.

என்னுடைய பாடத்திட்டத்தில் அன்செல்ம் இருந்தார். கவுனிலோ இல்லை. நூலகத்தில் தற்செயலாகத்தான் அவரைக் கண்டேன். கண்ட நாள் இரவு தூங்கவில்லை, மகிழ்ச்சியில். எனக்கு முன்னால், மடத்துச் சுவர்களுக்குள் ஒருவர், வீட்டில் பிரச்சினை ஏதும் இல்லாமலேயே மறுத்திருக்கிறார்!

அடுத்து, பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். உங்கள் கல்லூரிகள் பலவற்றில் அவருடைய படமோ பெயரோ எங்காவது இருக்கும். அவருடைய இறையியல் பெருந்தொகுப்பில் கடவுள் இருக்கிறாரா என்னும் கேள்வி வரும் இடத்தைத் திறந்து பாருங்கள். அது எப்படித் தொடங்குகிறது? "கடவுள் இல்லை என்றே தோன்றுகிறது." அதற்கு இரண்டு காரணங்களை அவரே சொல்கிறார். ஒன்று, எல்லையற்ற நன்மை ஒன்று இருந்தால் தீமைக்கு இடமே இருக்காது, ஆனால் உலகில் தீமை இருக்கிறது. இரண்டு, உலகில் நடப்பதையெல்லாம் இயற்கையைக் கொண்டும் மனித அறிவையும் விருப்பத்தையும் கொண்டும் விளக்கிவிடலாம் என்றால், கடவுள் என்று தனியாக ஒருவர் எதற்கு? எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நாத்திகத்தின் இரு பெரும் தூண்கள் இவைதாம். அவற்றைச் சில வரிகளில், எந்த ஏளனமும் இல்லாமல் எழுதிவிட்டுத்தான் அவர், கடவுள் இருக்கிறார் என்று காட்டும் தன் புகழ்பெற்ற ஐந்து வழிகளுக்குப் போகிறார். இத்தனைக்கும் அன்செல்மின் வாதத்தை அவர் ஏற்கவும் இல்லை. புனிதர் ஒருவர், புனிதர் இன்னொருவரைத் தக்க காரணத்தோடு மறுக்கிறார்; வானம் இடிந்து விழவில்லை.

அந்தக் காலப் பல்கலைக்கழகங்களில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் ஒரு பேராசிரியர் சபையில் அமர்வார். எவரும் எதைப் பற்றியும் கேட்கலாம். கேள்வி முன்கூட்டித் தரப்படுவதில்லை. அவர் விடை சொல்லியாக வேண்டும். வருடத்தில் மிகப் புனிதமான இரண்டு காலங்களை இதற்கென்று வைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இன்று அந்த நாட்களில் நம் கல்லூரிகளில் சிறப்புச் செய்தியாளர் ஒருவர் வருவார். கேள்வி கேட்கும் நேரம் அழைப்பிதழில் இருக்காது.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. 1277 மார்ச் 7 அன்று பாரிஸ் ஆயர் தாம்பியே, கற்பிக்கக் கூடாதவை என்று 219 கூற்றுகளைக் கண்டித்தார். அக்குவினாஸ் இறந்து சரியாக மூன்று ஆண்டுகள் ஆன நாள் அது. அவருடைய கருத்துகளைத் தொடுபவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. 1323இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1325இல் பாரிஸின் ஆயர், அவரைத் தொடும் அளவுக்கு அந்தக் கண்டனம் செல்லாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஆட்சிக் குழுவில் இருப்பவர்கள் இந்த மூன்று ஆண்டுகளையும் ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துக்கொள்வது நல்லது.

இது பழங்கதை என்றால் கொஞ்சம் அருகே வருவோம். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் சுதந்திரச் சபை நடத்திய கல்லூரியில் வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித் எபிரெயமும் பழைய ஏற்பாடும் கற்பித்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் 1875இல் ‘பைபிள்’ என்ற கட்டுரை எழுதினார். பழைய ஏற்பாட்டின் உபாகமம் மோசேயின் காலத்தது அல்ல, பிற்காலத்தது என்ற ஆய்வு முடிவை அதில் ஏற்றிருந்தார். விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1881இல் பதவியிலிருந்து நீக்கினார்கள். அவர் விசுவாசத்தை விடவில்லை; பின்னாளில் கேம்பிரிட்ஜில் அரபுப் பேராசிரியரானார். எந்தக் கருத்துக்காக அவர் வெளியேற்றப்பட்டாரோ, அது இன்று எத்தனையோ இறையியல் கல்லூரிகளில் முதலாம் ஆண்டுப் பாடம்.

வேதாகமத்தை ஆராய்வதைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். சமயம் படிக்க வரும் மாணவனுக்கு முதல் அதிர்ச்சி நீட்சே, ஹியூம் போன்ற தத்துவவாதிகளிடமிருந்து வருவதில்லை. மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து வருகிறது. 16ஆம் அதிகாரத்தின் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள், மிகப் பழைய முழுப் பிரதிகளான சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் இல்லை. அவற்றில் மாற்கு 8ஆம் வசனத்தோடு முடிகிறது. ஸ்திரீகள் பயந்து, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் ஓடுகிறார்கள், அவ்வளவுதான். என் வகுப்பில் ஒருவன், போதகரின் மகன், இதைக் கேட்ட அன்று வகுப்பை விட்டு எழுந்து போனான். அவன் பிறகு சபைக்குப் போவதையும் நிறுத்திவிட்டான். ‘பார்த்தீர்களா, இந்தப் படிப்பு பிள்ளைகளைக் கெடுக்கிறது’ என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்கு அவன் என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். கையெழுத்துப் பிரதிகளின்மேல் அவனுக்கு ஒரு கோபமும் இல்லை. பன்னிரண்டு வருடம் ஞாயிறு பள்ளியில் உட்கார்ந்திருக்கிறேன், இது தெரிந்த பெரியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், ஒருவர்கூட ஏன் சொல்லவில்லை என்பதுதான் அவன் கேள்வி. அதே வகுப்பில், அதே பாடத்தைக் கேட்ட இன்னொருத்தி இன்று சபைப் போதகராக ஊழியம் செய்கிறார். ஈஸ்டர் பிரசங்கத்தில் ஒவ்வோர் ஆண்டும் அந்த 8ஆம் வசனத்தில்தான் நிறுத்துவாராம்.

பிற சமயங்களைக் கற்பிக்கும் விதம் பற்றி நான் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். எங்கள் பாடத்திட்டத்தில் ‘பிற சமயங்கள்’ என்றொரு அலகு இருந்தது. ஒவ்வொரு சமயத்துக்கும் நான்கு பக்கம். மூன்று பக்கம் விளக்கம், நான்காம் பக்கத்தில் ‘குறைபாடுகள்’. நமக்கு மட்டும் நான்காம் பக்கம் கிடையாது.

இந்த வழியில் என்ன விளையும் என்பதற்கு ராதாகிருஷ்ணனே சாட்சி. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். மிஷனெரி நிறுவனங்களில் இந்து சமயம் நடத்தப்பட்ட விதம் தன்னைப் புண்படுத்தியது என்றும், அந்த விமரிசனமே தன் சமயத்தை ஆழ்ந்து படிக்கத் தூண்டியது என்றும் அவரே எழுதியிருக்கிறார். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு விடையாக வேதாந்தத்தின் அறவியலைப் பற்றி எம்.ஏ. பட்டத்துக்கு ஆய்வுரை எழுதினார். 1908இல் அது நூலாக வந்தது. அப்போது அவருக்கு வயது இருபதுதான். இதில் எனக்குப் பிடித்த ஆள் ராதாகிருஷ்ணன் அல்லர், அவருடைய ஆசிரியர் ஏ.ஜி. ஹாக். ஸ்காட்லாந்திலிருந்து மிஷனெரியாக வந்தவர். தன் மாணவன் தன் தரப்பை மறுத்து எழுதிய ஆய்வுரையைப் படித்தார், சிக்கலான வாதத்தைக் கையாளும் திறமையைப் பாராட்டிச் சான்றிதழ் கொடுத்தார். ‘வீட்டில் ஏதாவது பிரச்சினையா?’ என்று கேட்டதாக எங்கும் பதிவில்லை. அந்த மாணவர் 1936இல் ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களுக்கும் அறவியலுக்குமான பேராசிரியரானார். ஒரு கிறிஸ்தவக் கல்லூரி தன் தத்துவத் துறையைக் குறித்துப் பெருமைப்பட வேண்டிய சான்றிதழ் ஹாக் எழுதிய அந்தச் சில வரிகள் என்பேன்.

இதற்குத் தமிழில் இன்னும் பழைய இலக்கணம் உண்டு. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர்களிடம், அதாவது பல சமயங்களின் அறிஞர்களிடம், போகிறாள். அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை பத்துப் பேர். ஒவ்வொருவரிடமும் ‘நீர் கண்ட உண்மையைச் சொல்லும்’ என்று கேட்கிறாள். அவரவர் தம் வாயாலேயே சொல்கிறார்கள். பாடிய சாத்தனார் பௌத்தர். கதை எங்கே போய் முடியும் என்பது அவருக்குத் தெரியும், கேட்பவர்களுக்கும் தெரியும். ஆனாலும், உடம்பைத் தவிர வேறில்லை என்னும் பூதவாதிக்கும் அந்தக் காதையில் ஓர் இடம் இருக்கிறது. மணிமேகலை அவனை மறுக்கிறாள்தான், ஆனால் அவன் தன் வாயால் சொல்லி முடித்த பிறகு. நான்காம் பக்கம் அங்கேயும் உண்டு; முதல் மூன்று பக்கங்களை அவரவரே எழுதுகிறார்கள்.

இனி உங்கள் மேசைமேல் இருக்கும் கோப்புக்கு வருகிறேன்.

துறையை மூட வேண்டும் என்கிறீர்கள், மாணவர் எண்ணிக்கை குறைவு என்கிறீர்கள். இந்தப் படிப்புக்கு வேலை உண்டா இல்லையா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. அது எல்லாக் கலைப் படிப்புகளுக்கும் உள்ள சண்டை. என் கவலை, மூடாமலே மூடும் இரண்டாவது வழியைப் பற்றியது. துறையின் பெயர்ப் பலகை இருக்கும், ஆசிரியர்களும் இருப்பார்கள். ஆனால் அவர்கள் எல்லா மாணவர்களுக்கும் வாரம் ஒரு மணி நேரம் நீதிபோதனை வகுப்பு எடுப்பார்கள், சிற்றாலய வழிபாட்டை ஒழுங்கு செய்வார்கள், விருந்தினர் வந்தால் ஆரம்ப ஜெபம் சொல்வார்கள். சிற்றாலயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே போய்ப் பாடியவன்தான் நானும். சிற்றாலயத்தில் மண்டியிட வேண்டும். வகுப்பறையில் எழுந்து நிற்க வேண்டும். இரண்டும் ஒரே அறை ஆகிவிட்டால் இரண்டுமே செய்ய முடியாது. ஊழியத்துக்கு ஆள் பயிற்றுவிக்க இறையியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவை தம் சபையின் நம்பிக்கையிலிருந்து தொடங்கலாம், அது அவற்றின் வேலை. சமய, தத்துவத் துறையின் வேலை அந்தத் தொடக்கத்தையே கேள்வியாக வைத்துப் பார்ப்பது. விசுவாசியும், வேறு சமயத்தாரும், எதையும் நம்பாதவரும் ஒரே வாங்கில் உட்கார்ந்து அதைச் செய்வது.

ஆசிரியர்களிடம் விசுவாச அறிக்கையில் கையெழுத்து வாங்கும் கல்லூரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கல்லூரி, உங்கள் உரிமை. ஆனால் கையெழுத்திட்டவர் எதை நம்புகிறார் என்பதோடு அந்த அறிக்கை நிற்கட்டும். எதை வாசிக்கக் கொடுக்கலாம், எதைக் கேட்கலாம் என்பதில் கை வைக்க வேண்டாம். அப்படிக் கை வைத்திருக்கிறீர்கள் என்றால், சேர்க்கை விளம்பரத்திலேயே அதை அச்சிட்டுவிடுங்கள். பதினேழு வயதில் விண்ணப்பப் படிவத்தோடு வருகிறவர்களுக்குத் தாங்கள் எந்த வாசலில் நுழைகிறோம் என்பது தெரிய வேண்டும்.

யோபின் கதையை நீங்கள் எனக்கு முன்பே படித்தவர்கள். மூன்று நண்பர்கள் அதிகாரம் அதிகாரமாகக் கடவுளுக்காக வாதாடுகிறார்கள். ஒவ்வொரு வரியும் பக்தியில் தோய்ந்தது. யோபு சாம்பலில் உட்கார்ந்து கடவுளிடமே வழக்குத் தொடுக்கிறான். கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள்மேல் மூளுகிறது, யோபுதான் சரியாகப் பேசினான் என்று அவர் தீர்ப்புச் சொல்கிறார் என்பதைப் பாருங்கள். மறுத்துரைக்கச் சொல்லி வினாத்தாள் கொடுத்திருந்தால் அந்த நண்பர்கள் பதினைந்துக்குப் பதினைந்து வாங்கியிருப்பார்கள்.

நான் கேட்பது செலவில்லாத காரியம். அடுத்த வினாத்தாள் அச்சுக்குப் போகும் முன் எடுத்துப் பாருங்கள். ‘மறுத்துரைக்க’, ‘நிறுவுக’ என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ‘ஆராய்க’ என்று மாற்றச் சொல்லுங்கள். பாடத்திட்டத்தில் அன்செல்மின் பக்கத்தில் கவுனிலோவைப் போடுங்கள், அன்செல்மே கேட்டுக்கொண்டதுதானே. பிற சமயங்களின் பாடத்துக்கு அந்தந்தச் சமயத்தவரை அழைத்து அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள். இவை முடிந்த பிறகும் துறையை மூடத்தான் வேண்டும் என்று தோன்றினால், மூடுவதற்கு முன் ஒரு வகுப்பில், கடைசி வரிசையில், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

அந்தத் தேர்வுக்கு இன்று விடை எழுதச் சொன்னால் பாதிக்கு மேல் மாற்றி எழுதுவேன். சுயசித்தத்தைப் பற்றி நான் எழுதியது சிறுபிள்ளைத்தனம். கைக்குழந்தையைப் பற்றிய கடைசிப் பத்தியை மட்டும் அப்படியே வைத்துக்கொள்வேன். மறுநாள் ஞாயிறு என்றால் ஆராதனைக்கும் போவேன், எப்போதும் போவது போல.

இப்படிக்கு,
பதினைந்துக்குப் பதினொன்று வாங்கிய உங்கள் பழைய மாணவன்